140 கோடி என்னும் சாக்கு

உலகக் கோப்பைக் காய்ச்சல் ஏறும்போதெல்லாம் நம்மிடையே ஒரு புலம்பல் எழும்: "140 கோடிப் பேரில் பந்தை உதைக்கப் பதினொரு பேர் கிடைக்கவில்லையா?" கேட்பவர் தம்மை நாட்டின் நிலை கண்டு நொந்தவராகக் கருதிக்கொள்கிறார். இக்கேள்வி சிந்திக்காமல் தப்பிக்கும் வழி என்பதே என் கட்சி.

முதலில் நிலவரம். 2027 ஜனவரியில் சவூதி அரேபியாவில் தொடங்கும் ஆசியக் கோப்பைக்கு 24 அணிகள். அவற்றுள் இந்தியா இல்லை. தகுதிச் சுற்றில் 2025 ஜூனில் ஹாங்காங்கிடமும், அக்டோபரில் சொந்த மண்ணான கோவாவில் சிங்கப்பூரிடமும், நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றோம். சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். 2024இல் விடைபெற்றுச் சென்ற சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது என்பதே நம் முன்வரிசையின் வறுமையைச் சொல்லிவிடும்.

இனிப் புலம்பலுக்கு வருவோம். தலைக்கணக்குதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்றால், 1951இல் 36 கோடியாக இருந்தபோது தில்லியிலும், 44 கோடியாக இருந்த காலத்தில், 1962இல், ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது எப்படி? மக்கள் பெருகினர், ஆட்டம் சுருங்கியது. சையத் அப்துல் ரஹீம் பயிற்றுவித்த அந்த அணிகள் நாடு முழுவதையும் சலித்தெடுத்தவை அல்ல. கல்கத்தா, ஹைதராபாத் போன்ற சில நகரங்களில் கழகங்கள் இருந்தன, ஆண்டுதோறும் போட்டிகள் நடந்தன. அங்கிருந்தே ஆட்டக்காரர்கள் வந்தார்கள்.

இன்றும் அதுவே நிலை. கோவாவில் சிங்கப்பூருக்கு எதிராக நமது ஒரே கோலை அடித்த லாலியன்சுவாலா சாங்தே மிசோரமைச் சேர்ந்தவர். 2011 கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 11 லட்சம். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய இந்திய அணியின் 21 பேரில் 8 பேர் மணிப்பூர்ப் பிள்ளைகள். நூற்றுவரை ஐவர் வென்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பளிக்கக் கூடாது.

சிலர் மறுப்பார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் குராசோவும், சுமார் 5 லட்சம் பேர் வாழும் கேப் வெர்டேயும் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, அயல்நாடுகளில் பிறந்து வளர்ந்த தம் வழியினரைச் சேர்த்துக்கொண்டதால்தானே என்பார்கள். உண்மைதான். குராசோ அணியினரில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். ஆனால் அந்நாடு அவர்களுக்குத் தந்தது என்ன? சிறுவயது முதல் வாரந்தோறும் பயிற்சி, ஆட்டம், தேர்ந்த பயிற்சியாளர். குராசோ கடன் வாங்கியது அந்த ஆண்டுகளைத்தான். இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லாத நம் சட்டத்தில் அந்தக் குறுக்குவழியும் எளிதன்று.

நம் கால்பந்து ஆட்சியாளர்களுக்கோ இப்புலம்பல் மிகவும் வசதி. குற்றம் "மக்கள்" மீது விழுந்துவிடுகிறதல்லவா? 2025 செப்டம்பர் வாக்கில் தொடங்கியிருக்க வேண்டிய ஐ.எஸ்.எல். போட்டி, வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் அவ்வாண்டு முடியும்வரை தொடங்கவே இல்லை. நாட்டின் தலையாய போட்டிக்கே இக்கதி என்றால், பதின்மூன்று வயதுச் சிறுவனின் மாவட்டப் போட்டியை யார் கவனிப்பார்கள்? நாமும் குறைந்தவர்கள் அல்லர். பள்ளியில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்ளும்போது மகிழ்ந்த பெற்றோர்தாமே, உலகக் கோப்பை இரவுகளில் 140 கோடியைக் கணக்கெடுக்கிறோம்?

எனவே நண்பர்களே, அடுத்த முறை யாரேனும் அக்கேள்வியைக் கேட்டால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: "உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் போன ஆண்டு எத்தனை ஆட்டம் ஆடினான்?" விடை தெரியாதென்றால், இந்திய அணியைப் பழிக்கும் உரிமை நமக்கு இன்னும் வரவில்லை.