கதை விட்டவரும் கார் ஓட்டியவரும்

ஒரு கட்டுக்கதை ஐம்பது ஆண்டுகள் ஓட வேண்டுமென்றால், அதற்கு யாராவது பெட்ரோல் போட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் வாழ்ந்த வால்டர் ஸ்காட்டின் வரலாறு சொல்வது அதைத்தான். ‘டெத் வேலி ஸ்காட்டி’ என்று அமெரிக்கா முழுவதும் அறிந்திருந்த அந்த மனிதருக்குத் தங்கச் சுரங்கம் எதுவும் இருந்ததில்லை. அவர் பெயரில் இன்றும் வழங்கும் மாளிகையை அவர் கட்டவில்லை. அதன் முற்றத்தில் நின்ற பாக்கார்டு கார்களுக்கு அவர் பணம் கொடுக்கவுமில்லை. ஆனாலும் நூறாண்டு கடந்து, அந்தப் பள்ளத்தாக்கின் பேச்சில் நிலைத்திருப்பது அவர் பெயர்தான். கதை சொன்னவரைக் கொண்டாடி, செலவு செய்தவரையும் உழைத்தவரையும் மறக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அதை யோசிக்க அந்தப் பழைய கார்கள் நல்ல சாட்சிகள்.

ஸ்காட் 1872இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பஃபலோ பில்லின் ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சிக்குழுவில் குதிரைக்காரராகச் சேர்ந்தார். சுமார் 12 ஆண்டுகள் ஊர் ஊராக, நாடு நாடாகப் போனார். கூட்டம் எதைப் பார்த்தால் வாய்பிளக்கும், எந்த இடத்தில் நிறுத்தினால் மேலும் கேட்கும் என்பதை அங்கே கற்றுக்கொண்டார். 1902இல் குழுவிலிருந்து விலகியவர், டெத் வேலியில் தனக்கு யாருக்கும் தெரியாத தங்கச் சுரங்கம் இருப்பதாக நியூயார்க் பணக்காரர்களிடம் சொல்லி முதலீடு வாங்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அதை நம்பாமலிருப்பதுதான் கடினம். அண்டையிலிருக்கும் நெவாடாவில் டோனபா, கோல்ட்ஃபீல்ட், ரையோலைட் என்று அடுத்தடுத்து உண்மையான சுரங்க ஊர்கள் முளைத்துக்கொண்டிருந்தன. நூறு மெய்களுக்கு நடுவே ஒரு பொய்யை வைப்பது அவருக்கு எளிதாக இருந்தது.

1905 ஜூலையில் அவர் செய்த காரியம்தான் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. சாண்டா ஃபே ரயில்வேயிடம் 5,500 டாலர் கட்டி ஒரு தனி ரயிலை வாடகைக்கு எடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சிகாகோ வரை சுமார் 3,645 கிலோமீட்டர். வழியில் எஞ்சின்களை மாற்றி மாற்றி ஓட்டி, 44 மணி 54 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். ‘கயோட்டி ஸ்பெஷல்’ என்ற அந்த ரயிலின் சாதனை முப்பது ஆண்டுகள் முறியாமல் நின்றது. வேகம் உண்மை, நேரம் உண்மை. அதற்குக் காசு கொடுத்ததாகச் சொன்ன சுரங்கம் மட்டும்தான் பொய். ஆனால் ஓடும் ரயிலைக் கண்ணால் பார்த்தவர்கள் சுரங்கத்தையும் பார்த்தது போலவே நம்பினார்கள். இயந்திரத்தின் மெய்யை எடுத்துத் தன் சொல்லுக்குப் பூசிக்கொள்ளும் வித்தையை ஸ்காட்டி அன்று கண்டுபிடித்தார்.

அடுத்த ஆண்டு அந்த வித்தை ரத்தம் பார்த்தது. சுரங்கத்தைப் பரிசோதிக்க ஒரு குழு வந்தபோது, அதை அச்சுறுத்தித் திருப்பியனுப்ப விங்கேட் கணவாயில் ஒரு போலித் துப்பாக்கிச் சண்டை ஏற்பாடாயிற்று. அதில் குண்டு பாய்ந்தது ஸ்காட்டியின் சொந்தச் சகோதரர் மீது. ஸ்காட்டியை விளையாட்டுப் பிள்ளை என்று சிரித்து ஒதுக்குவோர் இந்தக் கணவாயையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதே ஆண்டுகளில்தான் மோட்டார் கார் அந்தப் பாலைவனத்துக்குள் நுழைந்தது. கிரீன்வாட்டர் என்ற செம்புச் சுரங்க ஊருக்கு ‘ஆல்கலி பில்’ என்ற ஓட்டுநர் காரில் ஆள் ஏற்றிப் போனார். 1908இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை நடந்த கார் பந்தயத்தில் வென்ற தாமஸ் ஃப்ளையரும் நெவாடாவின் சுரங்க ஊர்களைத் தொட்டுத்தான் மேற்கே போயிற்று. அன்றைய காரைப் பாலையில் ஓட்டுவது சவாரி அல்ல, உழைப்பு. கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். மனிதர் குடிக்க வைத்த தண்ணீரை அதற்கு ஊற்ற வேண்டிவரும். குறுகிய டயர் மணலில் புதையும், கல்லில் கிழியும். தண்ணீர், டயர், பெட்ரோல், உதிரிப் பாகம் எல்லாவற்றையும் புறப்படும்போதே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒன்று குறைந்தாலும் உயிர் போகும். நாவன்மை அங்கே செல்லாது. காரை நம்பிப் பாலைக்குப் போகிறவர் கணக்குப் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒருவர்தான் ஆல்பர்ட் ஜான்சன். ஸ்காட்டி பிறந்த அதே 1872இல் ஒஹாயோவில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். சிகாகோவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நடத்தியவர். 1899இல் ஒரு ரயில் விபத்து அவருடைய தந்தையைக் கொன்று, அவருடைய முதுகெலும்பையும் முறித்தது. நாற்பது வயதைத் தாண்ட மாட்டார் என்றார்கள் மருத்துவர்கள். ஸ்காட்டியின் சுரங்கத்தில் பணம் போட்ட ஜான்சன், அதைத் தேடிப் பாலைவனம் வந்தார். சுரங்கம் இல்லை என்பது அவருக்கு விளங்கியது. ஆனால் வறண்ட காற்றில் உடம்பு தேறியது. குதிரையேற்றமும் நெருப்பங்கரைப் பேச்சும் மனத்தைத் தேற்றின. ஆண்டுதோறும் வந்தார். ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றியவரின் ஆயுட்கால நண்பரானார். ஸ்காட்டி எனக்குச் சிரிப்பால் கடனைத் தீர்க்கிறார் என்பது அவர் பிறரிடம் சொன்ன விளக்கம். அறிந்தே ஏற்ற பொய் அது. ஆகவே ஜான்சனின் பணத்தை மட்டும் மோசடிக் கணக்கில் எழுத முடியாது. முதலில் ஏமாந்த நியூயார்க்காரர்களின் பணத்தை எழுதித்தான் ஆக வேண்டும்.

1922இல் கிரேப்வைன் பள்ளத்தாக்கின் ஊற்றருகே ஜான்சன் கட்டடம் எழுப்பத் தொடங்கினார். ஸ்பானியப் பாணி வீடு, மணிக்கூண்டு, ஆயிரத்துக்கு மேல் குழல்கள் கொண்ட ஆர்கன், ஊற்றுநீரின் விசையால் சுழன்று மின்சாரம் தரும் பெல்டன் சக்கரம். சிமெண்டும் மரமும் ரயிலில் பானி கிளேர் நிலையத்துக்கு வரும். அங்கிருந்து லாரிகள் சுமார் 20 மைல் பாதையில் ஏற்றி வரும். 1928இல் அந்த ரயில் தடமே நின்றுபோனது. கைவிடப்பட்ட தண்டவாளக் கட்டைகளை லட்சத்துக்கு மேல் வாங்கி, குளிர்காய விறகாக அடுக்கி வைத்தார் ஜான்சன். ஸ்காட்டியின் புகழை ஏற்றிவந்த ரயிலின் காலம் முடிந்து, காரின் காலம் முழுமையாக வந்துவிட்டதை அந்த விறகுக் குவியலே அறிவித்தது.

மேற்பார்வையிட்ட பொறியாளர் மேட் ராய் தாம்சன். வடிவமைத்தவர் சார்ல்ஸ் மெக்நீலெட்ஜ். கம்பி கட்டியும் கல் சுமந்தும் வெயிலில் நின்றவர்களில் பலர், அந்தப் பள்ளத்தாக்கையே தாயகமாகக் கொண்ட ஷோஷோனி பழங்குடியினர். இந்தப் பெயர்களில் ஒன்றுகூட மாளிகையின் பெயரில் இல்லை. வந்தவர்களிடம் ஸ்காட்டி, சுரங்கத்துத் தங்கத்தில் தான் கட்டும் வீடு என்றார். ஜான்சன் மறுக்கவில்லை, ஸ்காட்டியின் வங்கிக்காரர் என்ற வேடத்தோடு பின்னால் நின்றுகொண்டார்.

ஜான்சன் பாக்கார்டை விரும்பியதில் வியப்பில்லை. 1899இல் தொடங்கி டெட்ராய்ட்டில் வளர்ந்த அந்த நிறுவனம் அமெரிக்கச் செல்வரின் அடையாளமாக இருந்தது. 1915இல் அது கொண்டுவந்த ட்வின் சிக்ஸ் காரில் பன்னிரண்டு சிலிண்டர்கள். 1921இல் பதவியேற்கப் போன அதிபர் ஹார்டிங் ஏறிச் சென்றதும் பாக்கார்டில்தான். பாலைவனத்தின் நடுவே அப்படியொரு கார் நின்றால், பார்ப்பவர் தங்கச் சுரங்கத்தை நம்பாமல் என்ன செய்வார்? காப்பீட்டுப் பணத்தில் வந்த கார், சுரங்கக் கதைக்குச் சான்றாக நின்றது.

கேட்பவர்களைக் கொண்டுவந்ததும் கார்தான். 1926இல் பாப் ஐக்பாம் என்பவர் டவுன் கணவாய் வழியாகச் சுங்கச்சாலை அமைத்து, ஸ்டோவ்பைப் வெல்ஸில் விடுதி திறந்தார். 1933இல் டெத் வேலி தேசிய நினைவகமாக அறிவிக்கப்பட்டது. முன்பு செய்தித்தாள் வழியே போய்ச்சேர்ந்த கதையைக் கேட்க, இப்போது குடும்பம் குடும்பமாகக் காரில் வந்தார்கள். அதே காலத்தில் ஜான்சனின் நிலை சரிந்தது. நில அளவையில் பிழை, மாளிகை நின்றது அரசு நிலத்தில் என்று தெரிந்ததும் 1931இல் கட்டுமானம் நின்றது. பெருமந்தத்தில் காப்பீட்டு நிறுவனம் மூழ்கியது. நீச்சல்குளம் இன்றும் முடிக்கப்படாமல் கிடக்கிறது. பார்வையாளரிடம் கட்டணம் வாங்கித்தான் வீட்டை நடத்த வேண்டியதாயிற்று. எந்தக் கதைக்கு ஜான்சன் அத்தனை ஆண்டு சோறு போட்டாரோ, அந்தக் கதை இப்போது அவருக்குச் சோறு போட்டது. அந்த நட்பின் நேர்மை வெளிப்பட்ட இடம் இதுவென்று கருதுகிறேன்.

ஆனால் பாலைவனப் பாதை யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. 1943 ஏப்ரலில், அதே டவுன் கணவாயில், ஜான்சன் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி அவர் மனைவி பெஸ்ஸி இறந்தார். பக்திமிக்கவர் பெஸ்ஸி, அந்த வீட்டில் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்தவர். சுற்றுலாக் கதைகளில் இந்த மரணம் ஒரு வரிகூடப் பெறுவதில்லை. ஸ்காட்டியின் ஒவ்வொரு குறும்பையும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் பெஸ்ஸியின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

பழைய முதலீட்டாளர் ஒருவர் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டபோது, சுரங்கமும் இல்லை, மாளிகையும் தன்னுடையதில்லை என்று ஸ்காட்டி நீதிமன்றத்திலேயே சொல்ல நேர்ந்தது. அதற்குப் பிறகும் கதை சாகவில்லை. 1948இல் ஜான்சன் காலமானார். அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை ஸ்காட்டியை 1954இல் அவர் இறக்கும் வரை பராமரித்தது. மாளிகைக்கு மேலுள்ள குன்றில் ஸ்காட்டி அடக்கம் செய்யப்பட்டார். 1970இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 8,50,000 டாலருக்கு அந்த இடத்தை வாங்கியது. 2015 அக்டோபரில் திடீர் வெள்ளம் பள்ளத்தாக்கை அரித்து, மாளிகையை மூட வைத்தது. 2021இல் தீ விபத்தில் அங்கிருந்த பழைய கராஜ் கட்டடம் அழிந்தது.

கராஜ் போனது சிறு இழப்பல்ல. கதைக்குக் கட்டடம் தேவையில்லை. அது வாயிலிருந்து வாய்க்குப் போய்விடும். கணக்குக்குத்தான் பொருள் வேண்டும். எந்தப் பணத்தில் வாங்கியது, எந்தப் பாதையில் தேய்ந்தது, யார் பழுதுபார்த்தது என்பதையெல்லாம் ஒரு பழைய கார் தன் உடம்பில் வைத்திருக்கிறது. ஆகவேதான் பழைய கார்களைப் பளபளக்கத் துலக்கி நிறுத்துவதோடு அருங்காட்சியகத்தின் கடமை முடிவதில்லை. பாக்கார்டின் பக்கத்தில் ஸ்காட்டியின் படம் இருக்கட்டும். அவர் தந்த மகிழ்ச்சியும் வரலாறுதான். அதே பலகையில் விலை கொடுத்த ஜான்சனும், கணவாயில் உயிர்விட்ட பெஸ்ஸியும், கட்டியெழுப்பிய தாம்சனும், வேலை செய்த ஷோஷோனி மக்களும் இடம்பெற வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி டிம்பிஷா ஷோஷோனிகளுக்கு அவர்களுடைய தாயகத்தில் ஒரு பகுதியை மீட்டுக்கொடுத்தது. நிலத்தின் உரிமையைத் திருத்தி எழுத முடிந்த நாட்டுக்கு, ஒரு பெயர்ப்பலகையைத் திருத்தி எழுதுவது பெரிய வேலையல்ல. மாளிகைக் கதவுகள் மறுபடி முழுமையாகத் திறக்கும் நாளில் அதையும் செய்தால், ஸ்காட்டியின் கதை ஒரு வரியும் குறையாமல், இதுவரை பேர் சொல்லப்படாதவர்களின் உழைப்பும் வரலாறாகும்.