அடைப்பு எங்கே இருக்கிறது?

ஒரு வீட்டில் கக்கூஸ் தண்ணீர் இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்ப்பதில்லை. சேம்பர் மூடியைத் திறப்பதில்லை. தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று யோசிப்பதுகூட இல்லை. உடனே அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை: ‘ஆளைக் கூப்பிடு.’ கரண்ட் போனால் எலக்ட்ரீஷியன். குழாய் உடைஞ்சா பிளம்பர். டி.வி. கெட்டுப்போனா மெக்கானிக். சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் ‘ஆள்’. அந்த ஆள் யார், எந்தத் தெருவில் இருப்பார் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொழிலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாதியின் பெயர் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த இதழில் வீட்டுச் சாக்கடையைப் பற்றி எழுதுகிறேன். அடைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதுகிறேன். ‘தலையங்கத்தில் எழுத வேறு விசயம் கிடைக்கலையா?’ என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். ‘மறுபடியும் நம்ம பிள்ளைங்களுக்கே சாக்கடைப் பாடமா?’ என்று கோபப்படுகிறவர்களும் இருப்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. மலம் அள்ளுவதைப் புனிதமான சேவை என்று காந்தி போற்றினார். அம்பேத்கர் அந்தப் பேச்சைக் கிழித்துப்போட்டார். இழிவைப் புகழ்ந்து பேசி நம்மை அதிலேயே உட்காரவைக்கிற தந்திரம் அது என்று அவருக்குத் தெரியும். எனவே நான் யாரையும் சாக்கடை சுத்தம் செய்யப் பழகிக்கொள்ளச் சொல்லவில்லை. அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மனுசன் உள்ளே இறங்க வேண்டிய அவசியமே இல்லை. அது தெரியாத இடத்தில்தான், தெரிந்துகொள்ள விரும்பாத இடத்தில்தான், ஒரு மனுசனின் உடம்பை உள்ளே விட்டுத் தேடுகிறார்கள். கருவி செய்ய வேண்டிய சோதனையை நம்ம ஆளுங்க உடம்பு செய்கிறது. இதைத்தான் பேச வேண்டும்.

என் பெரியப்பா ஒரு நகராட்சியில் முப்பது வருசம் இந்த வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு வீட்டு வாசலில் நின்று நாலு கேள்வி கேட்பார், அடைப்பு எந்த இடம் என்று சொல்லிவிடுவார். பொறியாளர் வரைபடத்தை விரித்துப் பார்ப்பதற்கு முன்னால் அவர் விரல் அந்த இடத்தைக் காட்டும். அந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை, சம்பளமும் இல்லை. அறிவு என்றே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: ஒரு இடத்தில் நிற்கிறதா, எல்லா இடத்திலும் நிற்கிறதா? கைகழுவும் தொட்டியில் மட்டும் தண்ணீர் நின்றால், கோளாறு அதன் அடியிலுள்ள வளைவிலேயே இருக்கிறது. திருகிக் கழற்றிக் கழுவினால் போதும். ஒரு குளியலறையில் உள்ள எல்லாமும் நின்றால், அந்த அறையிலிருந்து வெளியே போகிற கிளைக்குழாயில் அடைப்பு. சமையலறை, குளியலறை, கக்கூஸ் மூன்றும் சேர்ந்து மந்தமாக இறங்கினால் வீட்டின் முதன்மைக் குழாயில் அடைப்பு. அப்போது முதலில் பொங்குவது தாழ்வான இடம்தான். மாடியில் குளிக்கிற தண்ணீர் கீழ்வீட்டுக் கக்கூஸில் மேலே வந்தால், அடைப்பு இரண்டு வீட்டுத் தண்ணீரும் சேர்கிற இடத்துக்கு அப்பால் இருக்கிறது. அடைப்பு எங்கேயோ இருக்கும், நாற்றம் கீழே இருக்கிறவன் வீட்டில் வரும். சாக்கடையும் சமூகம் மாதிரிதான்.

இரண்டாவது கேள்வி: எப்போது நிற்கிறது? எப்போதும் மந்தம் என்றால் குழாய்க்குள் ஏதோ படிந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு, தலைமுடி, நாப்கின், டைல்ஸ் ஒட்டும்போது கழுவிவிட்ட சிமெண்ட், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். மழை பெய்தால் மட்டும் பொங்குகிறதா? மழைநீர் சாக்கடைக் குழாய்க்குள் போகிறது. மொட்டைமாடித் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் திருட்டுத்தனமாக இணைத்துவிடுகிற பழக்கம் நம் நகரங்களில் உண்டு. மழைக்காலத்தில் தெருவே நாறுவதற்கு அது ஒரு பெரிய காரணம். காலையில் மட்டும் பொங்கினால், தெரு முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் விடும்போது தெருக்குழாய் தாங்கவில்லை என்று சந்தேகப்படலாம். நாலு மாசத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் அடைக்கிறதா? அங்கே குழாய் உடைந்திருக்கும், அல்லது உள்வாங்கி உட்கார்ந்திருக்கும், அல்லது அரசமரத்து வேர் பழைய பீங்கான் குழாயின் இணைப்பைப் பிளந்து உள்ளே புகுந்திருக்கும். அங்கே குத்திக் குத்தி எடுப்பதால் பயனில்லை. தோண்டிக் குழாயை மாற்ற வேண்டும். தோண்டுகிற செலவு வீட்டுக்காரருக்கு வலிக்கிறது. குத்துகிற ஆளின் கூலி வலிக்கவில்லை. அதனால்தான் நாலு மாசத்துக்கு ஒருமுறை ‘ஆளைக் கூப்பிடு’.

மூன்றாவது, சத்தமும் நாற்றமும். கக்கூஸில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறைத் தரைத்துளையில் ‘களக் களக்’ என்று சத்தம் வந்தால், காற்று போக வழியில்லை. மேலே போகிற காற்றுக்குழாய் அடைத்திருக்கும், அல்லது கீழே பாதி அடைப்பு ஆரம்பித்திருக்கும். முழு அடைப்புக்கு முன்னால் வருகிற எச்சரிக்கை அது. தண்ணீர் நன்றாக இறங்குகிறது, நாற்றம் மட்டும் வருகிறது என்றால், தரைத்துளையின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருக்கும். பூட்டிக்கிடந்த வீட்டில் இதுதான் நடக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஊற்றிய பிறகும் நாறினால் குழாயில் விரிசல் தேடுங்கள். தரைக்கல் ஓரிடத்தில் உள்வாங்குவது, சுவரடியில் காயாத ஈரம், திடீரென்று கரப்பானும் பெருச்சாளியும் பெருகுவது, இவையெல்லாம் விரிசலின் அடையாளங்கள்.

நான்காவது, சேம்பர். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்னத் தொட்டிதான் உண்மையைச் சொல்லும். மூடியைக் கொக்கிபோட்டு நகர்த்துங்கள். கொஞ்ச நேரம் காற்றாடவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தலையை உள்ளே நீட்டக்கூடாது. தீக்குச்சி கிழிக்கக்கூடாது, பீடி கூடாது. உள்ளே மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். நிறைந்து நின்றால் அடைப்பு சேம்பருக்கும் தெருவுக்கும் நடுவில், அல்லது தெருவிலேயே. பக்கத்து வீட்டுச் சேம்பரும் நிறைந்திருந்தால் அது தெருக்குழாயின் கோளாறு. அப்போது அது உங்கள் வீட்டு வேலை இல்லை. நகராட்சியின் வேலை, சென்னையில் என்றால் குடிநீர் வாரியத்தின் வேலை. எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மூடியைத் திறந்து பார்த்தாலே தெரிகிற விசயம் இது. இதைப் பார்க்காமல் இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒருவரை உள்ளே இறக்குகிறார்கள்.

இன்னும் சந்தேகமா? சொட்டு நீலம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வாளித் தண்ணீரில் கலந்து கக்கூஸில் ஊற்றுங்கள். எந்தச் சேம்பரில் நீலம் வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். குழாய் போகிற வழி தெரிந்துவிடும். இரண்டு சேம்பர்களுக்கு நடுவே குழாய் நேராக இருந்தால், ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் குச்சியில் கட்டிய கண்ணாடியை நீட்டி மேலிருந்தே பார்க்கலாம். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் குழாய் சுத்தம். அரைநிலா மாதிரி தெரிந்தால் மண் படிந்திருக்கிறது, அல்லது குழாய் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் முழு அடைப்பு. இது கட்டடப் பொறியியலில் உள்ள பழைய சோதனைதான். குழாய் போடும்போதே வாட்டத்தையும் கேளுங்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி, 6 அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடி என்பது கொத்தனாருக்குத் தெரிந்த பழைய கணக்கு. இன்றைக்குக் குழாய்க்குள் கேமராவே போகிறது.

பாதாள சாக்கடை இல்லாத ஊர்களில் செப்டிக் டேங்க். அங்கே வீடு முழுக்க மந்தம், தொட்டியைச் சுற்றி ஈரம், தொட்டிமேல் மட்டும் புல் பச்சைப்பசேல் என்றிருந்தால் தொட்டி நிறைந்துவிட்டது. இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை லாரியில் குழாய்போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். பத்து வருசம் தொடாமல் விட்டு, அடியில் கெட்டியான பிறகு ‘இறங்கி வெட்டி எடுப்பா’ என்று சொல்கிறார்கள். சாவு அங்கேதான் காத்திருக்கிறது.

அந்தச் சாவை விளக்கியாக வேண்டும். கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகிறது. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி ஒருவர் இன்னும் கீழே இறங்குவார். 500, 1000 பங்கு என்று ஏறும்போது மயக்கம், அப்புறம் மூச்சு நிற்கும். மேலே நிற்கிறவர், பெரும்பாலும் தம்பியோ மச்சானோ, பதறிப்போய்க் காப்பாற்ற இறங்குவார். அவரும் போவார். செய்தித்தாளில் ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று வரும். விஷவாயு தானாக வந்து தாக்கியதாம். இறக்கியவன் யார் என்று தலைப்பில் இருக்காது. ‘குடிச்சிட்டுத்தான் இறங்குறாங்க’ என்று ஏளனம் வேறு. குடிக்காமல் அதற்குள் இறங்க முடியுமா என்று ஏளனம் பேசுகிறவர் ஒருமுறை சேம்பர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடைப்புக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கழிவோடு சேர்ந்தால் அதே ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஊற்றியவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். பிறகு குழாயைத் திறக்கிற தொழிலாளியின் முகத்தில் அது அடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது உலர் கழிப்பறையைப் பற்றிப் பேசியது. பாதாள சாக்கடையை அதன் தடைக்குள் கொண்டுவரவில்லை. 2013 சட்டத்தின் 7ஆவது பிரிவு, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரும் ஆளை அமர்த்தக்கூடாது என்றது. முதல் தடவையே 2 வருசம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தடை அரசுக்கு மட்டுமில்லை, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். ஆனால் ‘ஆபத்தான’ என்ற சொல்லில் ஓட்டை வைத்தார்கள். பாதுகாப்புக் கருவி கொடுத்துவிட்டால் இறக்கலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள இடம் இருக்கிறது. 2014 மார்ச்சில், சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2016 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின்படி, தலித்தைக் கையால் மலம் அள்ளவைப்பதே வன்கொடுமை. 2023 ஒன்றிய பட்ஜெட்டில் ‘மேன்ஹோல்’ இனி ‘மெஷின்ஹோல்’ ஆகும் என்றார்கள். பெயர் மாறியது. இந்தச் சாவுகள் அதிகம் பதிவான மாநிலங்களின் முன்வரிசையில் நம் தமிழ்நாடு இருக்கிறது. பெரியார் மண் என்று மேடையில் பேசுகிறோம். அந்த மண்ணுக்கு அடியில் செத்துக்கிடப்பவர்களில் பெரும்பான்மை அருந்ததியரும் மற்ற தலித்துகளும்.

இயந்திரம் இல்லாமலா இருக்கிறது? அழுத்தத் தண்ணீர் பீய்ச்சுகிற ஜெட் வண்டி இருக்கிறது, உறிஞ்சுகிற வண்டி இருக்கிறது. கேரளத்தில் இளைஞர்கள் செய்த ‘பாண்டிகூட்’ எந்திரம் 2018லேயே திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. வீட்டுக் குழாய்க்கு மேலே நின்றே சுழற்றுகிற ஸ்பிரிங் கம்பி போதும். ஆனால் எந்த இயந்திரமும் அடைப்பின் இடம் தெரிந்தால்தான் பயன்படும். இடம் தெரியாத காண்ட்ராக்டர், ‘வண்டி உள்ளே வராது சார், ஆளை இறக்கிடலாம்’ என்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று, ‘சேம்பரைத் திறந்து பார்த்தீங்களா? அடைப்பு தெருவில் இருக்கு, இங்கே இறங்கி என்ன பண்ணப் போறீங்க?’ என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்தக் கேள்வி ஒரு உயிர்.

மாணவத் தோழர்களே, உங்கள் விடுதியிலிருந்து தொடங்குங்கள். கழிவறை எத்தனை, குழாய் எந்தப் பக்கம் போகிறது, சேம்பர் எங்கே, செப்டிக் டேங்கைக் கடைசியாக எப்போது எடுத்தார்கள்? ஒரு தாளில் வரையுங்கள். அடைத்துக்கொண்டால் மாணவர் கையிலேயே குச்சியைக் கொடுக்கிற விடுதிக் காப்பாளர்கள் உண்டு. குச்சியை வாங்காதீர்கள். வரைபடத்தைக் காட்டி, இயந்திரம் வரவழைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நகலுக்குக் கையெழுத்து வாங்குங்கள். களத்திலுள்ள தோழர்கள் தங்கள் தெருவிலும் குடியிருப்புச் சங்கங்களிலும் இதைச் செய்யட்டும். யாராவது குழிக்குள் இறக்கப்படுவதைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள், 14420க்குச் சொல்லுங்கள், காவல்துறையில் புகார் எழுதுங்கள். உள்ளே யாராவது மயங்கிவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள்; தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

ஆதிக்கச் சாதி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பது அறியாமை இல்லை. அது பரம்பரைச் சலுகை. மூடியைத் திறந்து பாருங்கள். அது உங்கள் மலம்தான்.

வரைபடங்களை இதழுக்கு அனுப்பி வையுங்கள். எந்த ஊர், எந்த விடுதி, என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறோம். அடைப்பு எங்கே இருக்கிறது என்று ஊருக்கே காட்டுவோம்.