இரத்தத்தின் சாட்சியம்

கல்முனைக்குடியிலே மணவீடாயினும் மரணவீடாயினும் விருந்தினர் முன் வந்து நிற்பது வெற்றிலை வட்டா. அண்மையில் அத்தகைய வட்டாவொன்றின் அருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நாவோரத்தில் ஆறாத புண்ணுடன், தம் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். “ரெத்தத்தில ஒண்டும் இல்லயே தம்பி, பொறகு என்ன பயம்?” என்றார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோயுற்றோருள் எவர் நெடுநாள் வாழ்வார் என்பதை இரத்தத்தைக் கொண்டு முன்னறிய இயலுமா என்று உலகெங்கும் ஆராய்கின்றனர். அதற்குரிய குறிகளுள் ஒன்று மிக எளியது. வெண்குழியங்களுள் நியூட்ரோபில் ஒருவகை, லிம்போசைட் மற்றொருவகை. முன்னதன் தொகையைப் பின்னதன் தொகையால் வகுப்பதே கணக்கு. நூற்றுக்கு 60உம் 30உம் இருப்பின் விகிதம் 2. 80உம் 10உம் ஆயின் 8. அழற்சி மிகும்போது முன்னது பெருகும். நோயை எதிர்த்துப் போராடும் படையாகிய பின்னது குன்றும். விகிதம் உயர்ந்த நோயாளரிடையே ஆயுள் குறைந்திருக்கப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

ஆயினும், இது கூட்டத்தைப் பற்றிய கூற்றேயன்றித் தனியொருவர்மீது எழுதப்பட்ட தீர்ப்பன்று. பல்லடியிற் சீழ் பிடித்தாலும், காய்ச்சல் கண்டாலும், சில மருந்துகளை உண்டாலும் இவ்விகிதம் உயரும். எந்த எண்ணை எல்லைக்கோடாகக் கொள்வது என்பதிலும் ஆய்வாளரிடையே ஒருமைப்பாடில்லை. யாவற்றிற்கும் மேலாக, இக்கணக்கு வாயிலே புற்றுநோய் உண்டா, இல்லையா என்று கூறுவதேயில்லை.

இரத்தம் நோயை முன்கூட்டிக் காட்டிய இடமும் உண்டு. மூக்கின் பின்புறத் தொண்டையில் தோன்றும் புற்றுநோய்க்கும் எப்ஸ்டீன்-பார் வைரசுக்கும் தொடர்புண்டு. ஹொங்கொங்கில் அறிகுறியற்ற இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் இரத்தத்தில் அவ்வைரசின் மரபுப்பொருளைத் தேடி, 34 பேரிடம் நோயைக் கண்டறிந்த ஆய்வு 2017 இல் வெளியாயிற்று. வாய்ப்புற்றுநோய்க்கோ அவ்வாறு நம்பத்தக்க இரத்தச் சோதனை இன்னும் வழக்கில் இல்லை.

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், ஏன், பாக்குங்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004 இல் வெளியிட்டது. ஆனால், இந்நோய் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே முளைக்கின்றது. அடிப்படைச் சுகாதார ஊழியர் வாயைப் பார்த்தே இதனை ஆரம்பத்தில் இனங்காண முடியும் என்பதைச் சமன் வர்ணகுலசூரிய முதலானோர் இலங்கையிலேயே ஆராய்ந்து 1984 இல் வெளியிட்டனர். திருவனந்தபுரத்தில் 1996 இல் தொடங்கிய பெரும் ஆய்விலே, வாயைக் கண்ணாற் பரிசோதித்தமையால், புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. அதற்கு வேண்டியன வெளிச்சமும் பயின்ற கண்ணுமே.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெண்மையோ செம்மையோ படர்ந்த திட்டு, வாய் திறக்கவொட்டா இறுக்கம் இவற்றைக் கண்டவர் இரத்தத் தாளை நம்பி இருத்தல் தகாது. புண்ணின் சிறு துணுக்கை வெட்டி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதே நோயை உறுதிசெய்யும் வழி.

இதனையே அம்முதியவருக்கும் சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வட்டாவை ஒதுக்கினாரில்லை. எனினும், மறுநாட் காலை என்னுடன் வைத்தியசாலைக்கு வர இசைந்தார்.