கண்டித்தது போதும், வழி காட்டுவோம்

மதுவின் தீமை பற்றிப் பேசச் சொன்னால் நம்மில் எவரும் அரைமணி நேரம் தடையின்றிப் பேசுவோம். வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என்று தனி அதிகாரமே வகுத்துத் தந்திருக்கிறார், மேற்கோளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், “குடியை விட வேண்டும் என்று நினைக்கிறேன், எங்கே போவது?” என்று விடுதித் தோழன் ஒருவன் கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை கூற முடியும்? அந்த விடையைத் தயாராக வைத்திருப்பது நம் தமிழ்ச் சங்கத்தின் வேலை என்பதே என் கருத்து.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் மதுப்பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படுவோர் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டவர். அதற்கு அடிமையானவர்களிலோ 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறினார். அறிவுரை எங்கும் கிடைக்கிறது. போக வேண்டிய இடம்தான் பலருக்குத் தெரிவதில்லை.

1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியால் நிலைகுலைந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தம் துயரை ஒருவரோடொருவர் பேசி மீண்டனர். அதிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம். அதில் சேரக் கட்டணம் இல்லை. முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. குடித்து மீண்டவனே குடிப்பவனுக்கு எதிரில் அமர்ந்து பேசுகிறான். அங்கே பிரசங்கம் செய்வாரில்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு.

இத்தலைநகர் தில்லியிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. இடமும் நேரமும் மாறக்கூடும். ஆதலால் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு செல்வது நலம். திறந்த கூட்டத்திற்கு யாரும் போகலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டுமே. அரசின் 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். மனக்கலக்கத்திற்கு 14416 உண்டு. அங்கே தமிழிலும் பேசலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து. அவன் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

“சங்கம் இருப்பது தமிழ் வளர்க்கவும் பொங்கல் கொண்டாடவும், இதெல்லாம் எதற்கு?” என்று சிலர் கேட்பர். தாய்மொழியில் மனம் திறக்க ஆளில்லாமல் ஒருவன் தவிக்கும்போது உதவாத சங்கம் எந்தத் தமிழை வளர்க்கப் போகிறது? வகுப்பில் ஆங்கிலமும் கடைத்தெருவில் இந்தியும் பேசிச் சமாளிப்பவனுக்கும், வெட்கத்தைச் சொல்லத் தமிழ்தான் வேண்டும். “அவர்கள் கடவுளைப் பற்றிப் பேசுகிறார்களே” என்பார் வேறு சிலர். பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் உண்டு; ஆனால் அவரவர் புரிந்துகொண்ட வகையில் என்று விட்டிருக்கிறார்கள். எந்த மதத்தையும் அவ்வியக்கம் சார்ந்ததன்று. அதுவும் ஒத்துவராதவருக்கு மருத்துவரும் மனநல ஆலோசகரும் இருக்கிறார்கள். வழி ஒன்றுதான் என்று நான் வாதிடவில்லை.

சங்கம் செய்ய வேண்டியவை மூன்று. கூட்டங்களின் இடத்தையும் நேரத்தையும் மாதந்தோறும் விசாரித்து, அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி வைக்கட்டும். முதல் நாள் தனியே போகக் கூசுபவனோடு வாசல் வரை துணை செல்ல இருவர் முன்வரட்டும். தமிழ்நாட்டில் தமிழிலேயே கூடும் குழுக்கள் இருப்பதால், விடுமுறையில் ஊர் திரும்புவோருக்கு அவற்றின் விவரத்தையும் தேடித் தரட்டும். பெயர்ப் பதிவேடு வேண்டாம். வார்டனுக்குச் செய்தி போகும் என்ற அச்சம் பிறந்தால் ஒருவரும் நெருங்க மாட்டார்.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு தாளும் சிறிது நேரமும் போதும். அடுத்த செயற்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்கள் முன்வர வேண்டுகிறேன். குடிப்பவனைப் பழிக்க ஊரில் ஆள் நிறைய உண்டு. கைபிடித்து அழைத்துச் செல்ல நாமாவது இருப்போம்.