அகராதிக்குள்ளும் ஊர் வேறு, சேரி வேறு

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நெல்லித்தோப்புப் பிள்ளைகளின் கையில் ஆங்கிலக் கடினச் சொற்களின் பட்டியல் இருக்கிறது. அதில் ‘பரையா’ என்றொரு சொல் வரும். பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகவேண்டியதுதான்.

அது எங்கள் பெயர் தோழர்களே. பறையர் என்ற தமிழ்ப் பெயரை 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1821இல் பாரிஸில் கசிமிர் தெலவீன் ‘லெ பரியா’ என்று நாடகமே போட்டார். பரிவோடுதான் எழுதினார், ஆனாலும் விலக்கப்பட்டவன் என்ற பொருள்தான் அங்கும் நிலைத்தது.

அதே ஆங்கிலம் ‘பிராமின்’ என்ற பெயரையும் எடுத்தது. அதற்குப் பொருள் என்ன தெரியுமா? படித்த, பண்பட்ட மேட்டுக்குடி. அமெரிக்காவில் பழைய பணக்காரக் குடும்பத்தாருக்கு ‘பாஸ்டன் பிராமின்’ என்று பட்டம். ஒதுக்கியவன் பெயர் புகழ்ச்சி, ஒதுக்கப்பட்டவன் பெயர் வசவு. கப்பலேறியும் சாதி வரிசை மாறவில்லை.

தெருவில் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நாளிதழ் தலைப்பில் வந்தால் மட்டும் நல்ல ஆங்கிலமா?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலை அம்பேத்கர் ஆங்கிலத்தில்தான் எழுதினார். கடைசிச் சொல்வரை படியுங்கள். ஆனால் கோச்சிங் சென்டர் ஆசிரியர்களே, இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்கே ‘பறையன்’ என்று பெயர் வைத்ததையும் அந்த வகுப்பில் சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் எங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அந்தப் பொருளை வாசித்துக் காட்டுங்கள்.