சொல் கேட்கும் கணினி

பல வீடுகளின் அலமாரியில் பழைய மடிக்கணினி ஒன்று கிடக்கும். திரையில் குறையில்லை, விசைப்பலகையும் வேலை செய்யும். ஆனாலும், ‘இது இனி உதவாது’ என்று ஒதுக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ நிறுவ இயலாது. அப்படியானால், அவற்றைக் குப்பையில் எறிவதுதான் வழியா? இல்லை. யூனிக்ஸ் மரபைப் பின்பற்றும் லினக்ஸ், அவற்றுக்கு மறுவாழ்வு தருகிறது. எனினும், பலர் லினக்ஸை விரும்புவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. கணினி தம் சொல் கேட்கிறது என்னும் மனநிறைவே முதன்மைக் காரணமாகும்.

யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதன் உருவாக்கத்தில் முதன்மையானவர்கள். 1991இல் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், அதே மரபில் லினக்ஸின் மையப் பகுதியை எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. அதை அவர் பூட்டி வைக்கவில்லை. எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் வழிவிட்டார். இன்று ஆண்ட்ராய்டு திறன்பேசிகளும் அந்த மையப் பகுதியைக் கொண்டே இயங்குகின்றன.

லினக்ஸ் மின்ட் போன்ற பதிப்புகள் 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் இயங்கும். அவற்றுக்குக் கட்டணமில்லை. எப்போது புதுப்பிக்க வேண்டும், எந்த மென்பொருளை நீக்க வேண்டும் என்பவற்றைப் பயனரே முடிவு செய்யலாம். தன்னார்வலர்களின் உழைப்பால், திரையில் தோன்றும் கட்டளைப் பட்டியல்களைத் தமிழிலும் காணலாம்.

யூனிக்ஸ் மரபில் மற்றோர் இன்பமும் உண்டு. அதிலுள்ள சிறு கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு வேலையை மட்டும் செம்மையாகச் செய்யும். ஒரு கருவி தரும் விடையை அடுத்த கருவிக்குக் குழாய்வழி நீர்போல அனுப்பும் வசதி 1973இல் வந்தது. ஒரு மாணவர் தம் கட்டுரையில் எந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துகிறார் என்று அறிய விரும்பலாம். ஒரு கருவி சொற்களைத் தனித்தனியே பிரிக்கும், மற்றொன்று வரிசைப்படுத்தும், இன்னொன்று எண்ணிச் சொல்லும். இவற்றை ஒரே வரியில் இணைத்தால் விடை கிடைத்துவிடும். பிறர் அமைத்த பொத்தானை அழுத்துவதில் இல்லாத மகிழ்ச்சி, தாமே வழி கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

லினக்ஸ் கடினமானது என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. சில விளையாட்டுகளும் மென்பொருள்களும் அதில் இயங்குவதில்லை. தவறான கட்டளை கோப்புகளை அழித்துவிடவும் கூடும். ஆயினும், இணையத்தில் உலவவும் கட்டுரை தட்டச்சு செய்யவும் கட்டளைகளைக் கற்க வேண்டியதில்லை. மேலும், தவற்றைத் திருத்த முயலும்போதுதான் கணினி இயங்கும் முறை விளங்குகிறது. கழன்ற சங்கிலியைத் தாமே மாட்டத் தெரிந்தவர், மிதிவண்டியோடு பாதி வழியில் நிற்பதில்லை அல்லவா?

ஆகவே, பழைய கணினியை வீசுவதற்கு முன், பெற்றோரின் இசைவோடு முக்கியக் கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு, லினக்ஸை முயன்று பார்ப்பது நன்று. கணினியில் நிறுவாமலேயே, விரலியிலிருந்து அதை இயக்கிப் பார்க்க முடியும். கணினியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பலர். அதைப் புரிந்துகொண்டு இயக்குபவர் சிலரே. அந்தச் சிலருள் ஒருவராவதற்கு, அலமாரியில் கிடக்கும் அந்தப் பழைய கணினியே போதும்.