தீவகத்தின் பாடம் தீவகத்தின் குரலில்: ஒரு கொள்கைப் பிரகடனம்

கடல் கொந்தளித்தால் நெடுந்தீவில் பாடம் நின்றுவிடுகிறது. சோளகம் பலத்து வீசும் மாதங்களில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு புறப்படாத நாட்கள் உண்டு. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வரும் ஆசிரியர்கள் இறங்குதுறையோடு திரும்பிவிடுவார்கள். வகுப்பில் பிள்ளைகள் இருப்பார்கள், புத்தகம் இருக்கும், கணக்கைச் சொல்லித்தர ஆள் இருக்காது. இதில் அந்த ஆசிரியர்களை நோவதற்கு ஒன்றுமில்லை. மருந்தும் கடிதமும் பத்திரிகையும் பாடமும் படகில் வந்துதான் இறங்க வேண்டும் என்ற நிலைக்கு நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போனோம். பாடத்தைப் பொறுத்தவரையாவது அந்தப் பழக்கத்தை முறிப்பதென்று முடிவெடுத்துவிட்டோம்.

நாங்கள் யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்துறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். பணியில் இருக்கும் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் இளைஞர்கள், பெற்றோர். எங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் போனில் பாடங்களைப் பேசிப் பதிந்து, அவற்றைப் பிள்ளைகளின் கைக்குச் சேர்ப்பதே இந்த இயக்கத்தின் வேலை. உலகம் இதைப் பொட்காஸ்ட் என்கிறது. எங்களுக்கு இது கடல் மறிக்க முடியாத வகுப்பு.

தீவகம் வாங்கி மட்டுமே பழகிய மண் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கமாட்டோம். 1913இல் ஊர்காவற்துறைக்குப் பக்கத்தில் கரம்பனில் பிறந்த பிள்ளைதான் பின்னாளில் தனிநாயகம் அடிகள். தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுபோய், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்ட முன்னின்றவர் அவர். அறிவைக் கடல் கடந்து அனுப்பிய ஊர்கள் இவை.

கருவி இல்லை என்ற சாக்கையும் எங்களால் சொல்ல முடியாது. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். எங்கள் பெற்றோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்னில் வானொலி கேட்டார்கள். ஒருவர் கை ஓய்ந்தால் மற்றவர் சுற்றினார். வேகம் குறைந்தால் குரல் அமுங்கும்; அந்த நேரம் பார்த்துத்தான் முக்கியமான செய்தி வரும். கேட்பதற்கே அவ்வளவு பாடுபட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு பட்டால் இன்றைக்கு நாங்கள் பேசவே முடியும்.

வேறு இடங்களிலும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள். கொலம்பியாவின் மலைக் கிராமமான சுத்தாத்தென்சாவில் 1947இல் சல்செடோ என்ற இளம் பாதிரியார் சின்ன ஒலிபரப்புக் கருவி ஒன்றை வைத்து விவசாயிகளுக்கு எழுத்தறிவு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அது லத்தீன் அமெரிக்காவின் மிகப் பெரிய கல்வி வானொலிகளில் ஒன்றாக வளர்ந்தது. எங்கள் நாட்டில் 1980களில் மகாவலி சமுதாய வானொலிக்காரர் கிராமங்களுக்கே போய்த் தங்கி, ஊர் ஆட்களின் குரலிலேயே நிகழ்ச்சி செய்தார்கள். 1989இல் தொடங்கிய கொத்மலை வானொலி, 1990களின் முடிவில் யுனெஸ்கோவின் துணையோடு, ஊரார் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியில் சொன்னது. பாக்கு நீரிணைக்கு அக்கரையில், பாம்பனில், கடற்றொழிலாளருக்கென்றே ‘கடல் ஓசை’ 2016இல் பேசத் தொடங்கியது. இவர்கள் எல்லோருக்கும் அலைவரிசையும் கோபுரமும் தேவைப்பட்டன. எங்களுக்கு அவை வேண்டியதில்லை. அந்த ஒரு வசதியை வீணாக்கக்கூடாது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்வமுள்ளவர்கள் பின்வாங்குவது இங்கேதான். ஒரு சாதாரண ஸ்மார்ட் போன் போதும். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறைவில்லை. ஒலிப்பதிவுக் கூடம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: பனையோலையால் வேய்ந்த கொட்டில். மாபிள் பதித்த புது வீட்டு விறாந்தையில் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து சொற்களை மூடும். ஓலை சத்தத்தை வாங்கிக்கொள்ளும். கொட்டில் இல்லாத வீட்டில் ஓர் அறையில் பாயை விரித்து, சுவரோடு இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ அதே பலன்.

போனைப் பிளைட் மோடில் போட வேண்டும். அழைப்பு வந்து பாடத்தை அறுக்காது. வாய்க்கும் போனுக்கும் இடையில் ஒரு சாண் தூரம். நேருக்கு நேர் பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும்; இல்லையென்றால் ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சு மைக்கில் இடிக்கும். வெளியில் நின்று பதிந்தால் மைக் இருக்கும் முனையில் பழைய சொக்ஸ் ஒன்றை மாட்டுங்கள், காற்றின் உறுமல் பாதியாகக் குறையும். பேசத் தொடங்குமுன் பத்து விநாடி எல்லோரும் வாயை மூடி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிய வேண்டும். பின்னர் கணனியில், காசில்லாமல் கிடைக்கும் ஓடாசிட்டி மென்பொருளில், எது இரைச்சல் எது குரல் என்று பிரித்துக் காட்டுவதற்கு அந்தப் பத்து விநாடிதான் உதவும்.

மலிவான கருவி என்பதற்காக அசட்டையான பதிவை ஏற்கமாட்டோம். குரல் தெளிவில்லாத பாடத்தைத் திரும்பப் பதிவோம். தீவுப் பிள்ளைக்கு இது போதும் என்ற எண்ணத்தால் நாங்கள் நிறையவே இழந்திருக்கிறோம். அந்த எண்ணத்தை எங்கள் வேலைக்குள் நுழைய விடமாட்டோம்.

ஒரு பாடம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. பேச்சுக்குப் போதுமான தரத்தில் சுருக்கினால் பத்து நிமிடம் இரண்டரை மெகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு ஜிகாபைட்டில் நானூறு பாடம் கொள்ளும். வட்ஸ்அப்பில் போகும். சிக்னல் இல்லாத இடத்தில் புளூரூத்தில் போகும். மெமரி காட்டில் ஏற்றிப் படகில் வருகிற ஒருவரின் சட்டைப் பையிலும் போகும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி வாழ்ந்த தீவுகள்; மின் நின்றாலும் ஏற்கெனவே இறக்கிய பாடம் போனில் இருக்கும். வீடியோ அழகாக இருக்கும்தான். ஆனால் ஒரு வீடியோவுக்குச் செலவாகும் டேட்டாவில் பத்துப் பதினைந்து ஒலிப்பாடம் இறக்கலாம், வீட்டில் ஒரே ஒரு போன் இருக்கிற குடும்பத்துக்கு அந்தக் கணக்குப் பெரிய கணக்கு.

இனி, எதைப் பேசுவது? முதலில் பரீட்சைப் பாடம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் எங்கள் பிள்ளைகளின் கதவுகள். அவற்றைப் புறக்கணித்துவிட்டுக் கல்வி பேச எங்களுக்கு உரிமை இல்லை. கேத்திரகணிதம் போன்றவற்றைக் காதால் மட்டும் கற்பிப்பது கடினம் என்பது தெரியும். அதனால்தான் எங்கள் கணித ஆசிரியர்கள் “கொப்பியை எடு, ஒரு கோடு கீறு, இப்ப நிப்பாட்டு, கீறி முடிச்சிட்டுத் திருப்பிப் போடு” என்று பிள்ளையின் கைக்கு வேலை கொடுத்துப் பேசப் பழகுகிறார்கள்.

ஆனால் பாடநூலோடு நிற்கமாட்டோம். நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று கேட்கும்: “எங்கட கிணத்தில ஏன் உப்பு ஏறுது?” இதற்கு விடை சொல்லும் பாடம் எங்கள் முதல் பாடங்களில் ஒன்று. தீவின் அடி சுண்ணாம்புக்கல். மழைதான் ஒரே வரவு. பெய்த நீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கனம் கூடிய உப்பு நீரின்மேல் ஒரு வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடியை மோட்டர் போட்டு உறிஞ்சிவிட்டால் கீழே நாற்பதடியும் போய், உவர் மேலே எழும்பும். துலாவாலும் வாளியாலும் அளவாக அள்ளிய காலத்தில் தாங்கிய கிணறு மோட்டருக்கு ஏன் தாங்கவில்லை என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. பௌதிகமும் புவியியலும் இந்த ஒரு கேள்வியில் சேர்ந்தே வருகின்றன. அதோடு, சாராப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர் எடுக்க நடந்த அம்மம்மா ஒருவர், எந்த மாதத்தில் எந்தக் கிணறு முதலில் உவர்த்தது என்று தன் வாயால் சொல்வார். விஞ்ஞான ஆசிரியரும் அந்த அம்மம்மாவும் ஒரே பதிவில் பேசுவார்கள். இந்த இயக்கம் எதற்காக என்று யாராவது கேட்டால் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுவோம்.

இதுபோல இன்னும் எத்தனையோ உண்டு. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள், பனை ஏறியவர்கள், பவளக்கல் மதில் சாந்தில்லாமல் நிற்கும் விதம் தெரிந்தவர்கள், ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையே பாதை எனப்படும் மிதவையில் போய்வந்தவர்கள், நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் அருகருகே இருக்க வளர்ந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பாடம் இருக்கிறது. அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது என்பதால்தான் எங்களுக்கு இந்த அவசரம்.

பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே இருக்கும். வானொலி அறிவிப்பாளரின் தமிழை நாங்கள் மதிக்கிறோம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. ஆனாலும் ஒரு மீனவரைச் செந்தமிழில் பேசச் சொன்னால் பாதி அறிவு வெளியே வராது. கலைச்சொல் வேண்டிய இடத்தில் ஆசிரியர் அதைச் சொல்லி விளக்குவார். மற்றபடி யாருடைய பேச்சையும் திருத்தமாட்டோம்.

உண்மையைப் பொறுத்தவரை எங்கள் விதி கடுமையானது. ஒவ்வொரு பாடத்தையும் பேசியவரைத் தவிர்த்து, அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் கேட்டுச் சரிபார்த்த பின்பே வெளியிடுவோம். பிழை கண்டால் அதே தொடரில் பகிரங்கமாகத் திருத்துவோம். யாருடைய குரலையும் அவர் சம்மதமின்றிப் பதியமாட்டோம். பிள்ளைகளின் குரலுக்குப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். கொடுத்த சம்மதத்தை ஒருவர் எப்போது திரும்ப வாங்கினாலும் பதிவு அகற்றப்படும்.

இந்தச் சம்மத விதி துயர நினைவுகளுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணம்செய்த எங்கள் மக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளைத் தாங்கி வாழ்பவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேச விரும்பினால் கேட்போம், பாதுகாப்போம். விரும்பாவிட்டால் அவர்கள் வாசலுக்குப் போன் கொண்டுபோக மாட்டோம். அழுகையைப் பதிந்து ஆள் சேர்ப்பது எங்கள் வேலை அல்ல.

பதிந்தவை தொலைந்துபோகவும் விடமாட்டோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்தென்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு பதிவும் குறைந்தது மூன்று இடங்களில் இருக்கும்: தீவில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று, கடல் கடந்து ஒன்று. 2005இல் தொடங்கி ஈழத்து எழுத்துகளையும் வாய்மொழி வரலாறுகளையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் வழி எங்களுக்கு முன்னுதாரணம். பேசியவர், இடம், நாள் மூன்றும் இல்லாத பதிவை ஆவணமாக ஏற்கமாட்டோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் ஒலிப்பாடத்தைக் காட்டி, தீவுக்கு ஆசிரியர் தேவையில்லை என்று எந்த அதிகாரியும் கணக்கெழுத இடம் கொடுக்கமாட்டோம். தீவில் தங்கிக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும், அவர்களுக்கு விடுதி வேண்டும், நம்பி ஏறக்கூடிய படகு வேண்டும். இந்தக் கோரிக்கைகளில் ஒன்றையும் நாங்கள் கைவிடவில்லை. பாடங்கள் இலவசம். விளம்பரம் இல்லை. கட்சிப் பிரசாரமும் இல்லை. கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் இருக்கும் எங்கள் உறவுகள் உதவ முன்வந்தால், காசைவிட முதலில் அவர்களின் குரலைக் கேட்போம்: உங்கள் துறையில் ஒரு பத்து நிமிடப் பாடம் பேசி அனுப்புங்கள்.

தீவகத்து ஆசிரியர்களே, இந்தத் தவணைக்குள் ஒரு பாடம் பதிந்து தாருங்கள். தம்பிமார், தங்கைமார், உங்கள் போனில் இடத்தைக் காலியாக்கிக்கொண்டு வாருங்கள்; பதியவும் வெட்டி ஒட்டவும் கூட இருந்து பழக்குகிறோம். பெற்றோரே, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் உங்கள் போனைப் பிள்ளையிடம் கொடுத்து, நீங்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். விளங்காத இடத்தை எங்களுக்கு அறிவியுங்கள். அதைத் திரும்பவும் பேசித் தருவது எங்கள் கடமை.